குனிந்தால் படிக்கிற கரை

செசிலி டீச்சர் இறந்துபோன செய்தி வந்தபோது நான் அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, உள்ளதைச் சொல்கிறேன். அவர் வரைந்து தந்த புடவைக் கரை எழுத்தைப் பாதிவரை மரக்கட்டையில் வெட்டிவிட்டு, மீதிப் படம் எப்போது வரும் என்று வாரக் கணக்கில் காத்துக் கிடந்தேன். தியாகராய நகர்க் கடையிலிருந்து ஆள் வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போயிருந்தான். அந்த எரிச்சலில் இருந்தபோதுதான், டீச்சரைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போகும் ரிக்‌ஷாக்கார முனுசாமி என் கொட்டகை வாசலில் வந்து நின்றான். "நைனா, டீச்சரம்மா காலைல பூட்டாங்க. மாரு வலிக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தாங்களாம், அவ்ளோதான்" என்றான். என் கையில் உளி இருந்தது. "மீதிப் படம் எங்கே?" என்றுதான் என் வாயில் வந்தது. முனுசாமி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான்.

அவரை அறிந்தவர்கள் பல பேர். சாந்தோமில் அவரிடம் படித்த பெண்களுக்கு அவர் டிராயிங் டீச்சர். மாதா கோயில்காரர்களுக்கு, திருவிழாக் கொடியில் எழுத்து வரைந்து தரும் அம்மாள். புடவைக் கடைக்காரர்களுக்கு, துணியில் எழுத்தைப் பூங்கொடி மாதிரி ஓடவிடத் தெரிந்தவர். கச்சேரி ரோட்டுச் சந்தில் அச்சுக்கட்டை வெட்டித் துணிக்குச் சாயம் ஒற்றிப் பிழைக்கும் காதர் ஆகிய எனக்கு அவர் பத்து வருஷத் தலைவலி. அவர் வரைவார், நான் வெட்டுவேன், நடுவில் இரண்டு பேரும் சண்டை போடுவோம். நினைவாக நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்ட மாதா கோயில் பங்கு மக்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். புகழ்ச்சி மட்டும் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்த்திருக்க வேண்டும்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். குழிமேட்டில் நட்ட மரச் சிலுவையில் யாரோ அவசரமாகப் பெயர் எழுதியிருந்தார்கள். முதல் எழுத்து பூசணிக்காய் மாதிரி பெரிசு. கடைசிக்கு வரும்போது இடம் போதாமல் எழுத்தெல்லாம் பஸ்ஸில் தொங்குகிறவர்கள் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. வாழ்நாள் முழுக்க எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் எவ்வளவு காற்று வேண்டும் என்று என் உயிரை வாங்கியவருக்கு இந்தக் கதி. ஜெபம் முடிகிறவரை என் கண் அந்தச் சிலுவையை விட்டு நகரவில்லை. மறுநாளே நான் வேறு பலகை வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இன்னும் முடியல." இதுதான் அவருடைய மந்திரம். படத்தைக் கையில் கொடுப்பார், கொடுத்த கையோடு "இன்னும் முடியல பாய்" என்பார். முடியாததை எதற்கு அம்மா கொண்டுவந்தீர்கள் என்று கேட்டால் குடையை விரித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதே, அப்போது நானும் பெண்டு பிள்ளைகளை ஆற்காட்டுக்கு அனுப்ப வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு டீச்சர் மட்டும் வருகிறார். முந்தின வாரம் கொடுத்த படத்தில் 'ம' எழுத்தின் வயிறு தொங்குகிறதாம், அதைச் சரிபண்ண வேண்டுமாம். ஊரே ஓடுகிறது டீச்சர் என்று கத்தினேன். "ஓடற ஊரு திரும்பி வந்துடும் பாய். கட்டையில வெட்டினா வெட்டினதுதான்" என்றார். சாமான் மூட்டைமேல் படத்தை விரித்து அந்த வயிற்றைத் திருத்திக் கொடுத்துவிட்டுத்தான் போனார். வண்டிக்காரன் என்னை வைத வசவு இன்னும் காதில் இருக்கிறது.

அவர் சொன்னதெல்லாம் சரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எழுத்தின்மேல் வைக்கும் புள்ளியை உள்ளே ஓட்டை தெரியும்படி வட்டமாக வெட்டச் சொல்லுவார். ஓட்டையில் சாயம் அடைத்துக்கொள்ளும், நாலாவது ஒற்றலில் வெறும் சாயத் திட்டாகிவிடும் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. அடைத்துக்கொண்டது. சாயம் கெட்டி என்று என்மேலேயே பழியைப் போட்டார். நெற்றிக்குப் பொட்டு வைக்கத் தெரியாதவன் கையில் புள்ளியைக் கொடுத்தது தன் தப்பு என்று என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தாராம். என் மனைவியும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

ஆனால் ஒரு வழக்கத்தில் அவரை அசைக்க முடியாது. ஒற்றின துணியைப் பாயில் விரித்துப் பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொல்லவே மாட்டார். உடம்பில் சுற்றிப் பார்க்க வேண்டும். "இது பலகையில எழுதற எழுத்து இல்ல பாய். நடக்கும், உட்காரும், மடிப்புக்குள்ள போயிடும்" என்பார். பள்ளிக்கூடத்துப் பெண்கள் யாரும் கிடைக்காத நாளில் நான்தான் கிடைப்பேன். தாடியும் தொப்பியுமாக, தோளில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, சந்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்திருக்கிறேன். தொழுகைக்குப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். மானம் கப்பலேறிப் போனது. எழுத்து மட்டும் நேராகத்தான் விழுந்தது, அதை மறுக்க முடியாது.

இனி அந்தக் கரைக்கு வருகிறேன். தியாகராய நகர்க் கடை மூலமாக மயிலாப்பூர் மாமி ஒருவர், மகளுக்கு நலங்குப் புடவை வேண்டும் என்று சொல்லியனுப்பினார். கல்லூரியில் படிக்கிற பெண். கரையில் கொடிக்குப் பதிலாக எழுத்தே ஓட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பெண் பெயரையே ஓடவிடலாம் என்றார் கடைக்காரர். பெயர் ஜானகி. சாமி பெயர் காலடியில் புரளக் கூடாது என்று மாமி ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். கடைசியில் டீச்சர்தான், பூக்களை வரைவதற்குப் பதிலாகப் பூக்களின் பெயரை ஓடவிடலாம் என்றார். மல்லி, முல்லை, செண்பகம், தாழம்பூ என்று ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகும்படி வரைந்தார். அழகு என்றால் அழகு. அதுவோ சர்க்கார் துணியை அளந்து கொடுத்த கண்ட்ரோல் காலம். அந்த ஒன்பது கஜப் பட்டைத் தேடிப் பிடிப்பதற்குள் கடைக்காரருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கெட்டால் மாற்று கிடையாது, கெடுத்தால் இனி ஒரு முழத் துணிகூட உனக்கு வராது என்று சொல்லித்தான் என் கையில் கொடுத்தார். என் கொட்டகையின் பிழைப்பே அந்தப் பட்டின்மேல் இருந்தது.

வழக்கம்போல டீச்சர் விடவில்லை. பழைய பருத்திப் புடவை ஒன்றில் முதலில் ஒற்றச் சொல்லி, தாமே கட்டிக்கொண்டு என் வீட்டு முற்றத்தில் நடந்து காட்டினார். எழுத்து நேராக நின்றது. அதன்பிறகுதான் நான் பட்டில் கை வைத்தேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மாமி மகளையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். முகம் சிவந்திருந்தது. "என்ன பாய் இது? ஆத்துல கட்டிண்டு பார்த்தா எழுத்தெல்லாம் தலைகீழா நிக்கறது. சம்பந்தி மனுஷாள்லாம் சுத்தி உட்கார்ந்துண்டு இதையா பார்க்கணும்?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. டீச்சருக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்து மாமியின் தோளைப் பார்த்தார், தம் தோளைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன்.

விஷயம் இவ்வளவுதான். அதுவரை நாங்கள் முந்தானையில்தான் எழுதியிருந்தோம். எந்தத் தோளில் போட்டாலும் முந்தானை கீழ்நோக்கித்தானே தொங்கும். கரை அப்படியல்ல. இடத்தோளில் போடுகிறவர்கள் ஒரு பக்கமாகச் சுற்றுவார்கள், வலத்தோளில் போடுகிறவர்கள் எதிர்ப்பக்கமாகச் சுற்றுவார்கள். சுற்று மாறினால் மேல்கரை கீழே வந்துவிடும், எழுத்தும் தலைகுப்புற நிற்கும். மாமி வீட்டு மடிசார் வலத்தோள். டீச்சர் கட்டிப் பார்த்ததோ தம் வழக்கப்படி இடத்தோள். சுற்றிப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாத அம்மாள், சுற்றுகிறவள் யார் என்று பார்க்க மறந்துவிட்டார். மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். ஊரார் வீட்டுப் பெண்களின் தோளை நான் ஏன் பார்க்கப்போகிறேன்?

தப்பு என்னுடையது என்று டீச்சர் ஒரு வார்த்தை சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பெண்ணை உள்ளே அழைத்துப்போய்ப் புடவையைக் கட்டிவிடுங்கள் என்றார். கட்டிக்கொண்டு வந்து நின்றாள். எங்கள் கண்ணுக்குக் கரை முழுக்கத் தலைகீழ். மாமி தலையில் கை வைத்துக்கொண்டார். நான் மனசுக்குள் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன்.

"குனிஞ்சு பாரும்மா, என்ன தெரியுது?" என்றார் டீச்சர்.

பெண் குனிந்து பார்த்தாள். பார்த்தவள் அப்படியே கழுத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே படித்தாள். மல்லி, முல்லை, செண்பகம். படித்துவிட்டுச் சிரித்தாள். எங்களுக்குத் தலைகீழாக நின்ற எழுத்து அவளுக்கு நேராக இருந்தது. அவள் கண்ணுக்கு மட்டும்.

பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று மாமி மறுபடி ஆரம்பித்தார். டீச்சர் சொன்னார்: "மத்தவங்க படிக்கத்தான் கல்யாணப் பத்திரிகை அடிச்சிருக்கீங்களே மாமி. இதை அவ படிச்சுக்கட்டும்." மாமி மகளைப் பார்த்தார். "நேக்கு இதுதாம்மா வேணும்" என்றாள் ஜானகி. அதோடு முடிந்தது. பிறகு ஒருநாள் அவள் டீச்சரைப் பார்க்க வந்தபோது, நலங்கில் முன்பின் தெரியாத கூட்டம் தன்னையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும், தலையைக் குனிந்து பூக்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகவும், அப்புறந்தான் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்க்க முடிந்ததாகவும் சொன்னாள்.

சந்தோஷந்தான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். குனிந்தால் படிக்கிற கரை என்று அது தியாகராய நகரில் பேராகிவிட்டது. இடத்தோள் வீட்டுப் பெண்களும் எங்களுக்கும் அப்படியே தலைகீழாக வேண்டும் என்று கேட்டு, நான் கட்டையைத் திருப்பிப் பிடித்து ஒற்ற வேண்டியதாயிற்று. கடைக்காரர் டீச்சரிடம், எப்படி அம்மா இந்த யோசனை வந்தது என்று கேட்டார். கட்டுகிறவள் படிக்கத்தான் முதலிலிருந்தே அப்படி வரைந்தேன் என்று கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்குப் புரையேறிவிட்டது. அன்றிலிருந்து, நோன்புப் பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும்போதெல்லாம் கேட்பேன், தப்பு யாருடையது டீச்சர் என்று. "எந்தத் தப்பு பாய்?" என்பார். இன்னும் கொஞ்சம் குருமா போடச் சொல்லி என் மனைவியிடம் தட்டை நீட்டுவார். கட்டையை வெட்டியவன் நான், நெஞ்சு பதறினவன் நான், பேர் மட்டும் அவருக்கு. எனக்குப் பேர் வேண்டாம். ஒரே ஒரு தடவை ஒப்புக்கொண்டிருக்கலாம் அல்லவா?

போன கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு ஒரு துணி மடிப்பும் கொடுத்தார். வேலை செய்யும்போது இடுப்பில் கட்டிக்கொள்ளத் தைத்தாராம். பிரித்தேன், தும்பைப்பூ மாதிரி வெள்ளை. சாயக் கொட்டகைக்காரனுக்கு வெள்ளைத் துணி தைத்துத் தருகிற புத்திசாலி உலகத்தில் அவர் ஒருவர்தான். இதைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குத்தான் போகலாம் என்றேன். "கட்டிப் பாருங்க பாய், கையில வச்சுப் பார்த்தா தெரியாது" என்றார். அவர் எப்போதும் சொல்லுகிற பேச்சுதானே என்று ஆணியில் மாட்டிவிட்டேன். பழைய சாக்குத்துணி இன்னும் கிழியவில்லை.

அடக்கம் முடிந்து வந்து, புதுச் சிலுவைப் பலகையை வெட்ட உட்கார்ந்தேன். அன்றைக்கு அந்தச் சாக்கை இடுப்பில் சுற்ற மனம் வரவில்லை. ஆணியிலிருந்த வெள்ளைத் துணியை எடுத்துக் கட்டினேன். முடிச்சுப் போடக் குனிந்தபோது கீழ்க்கரையில் வெள்ளை நூலால் தைத்த எழுத்து தெரிந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத் தலைகீழ். எனக்கு நேராக இருந்தது. "தப்பு என்னுடையதுதான் பாய்."

உளியைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன். அழுது முடித்ததும் கோபம்தான் வந்தது. வாயால் சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்? எத்தனை பெருநாள் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார வைத்துக் கேட்டேன். நான் ஜெயித்துவிட்டேன் என்று இப்போது யாரிடம் போய்ச் சொல்லுவேன்?

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது பாதி வெட்டிய ஒரு கரைக்கட்டையும் இந்தத் துணியும். மீதிக் கரையை என் கையால் வரைந்து முடிக்கும் உத்தேசம் இல்லை. கடைக்காரரிடமும் சொல்லிவிட்டேன், இன்னும் முடியவில்லை என்று. துணியைத் தினமும் கட்டிக்கொள்கிறேன். சாயம் தெறித்துத் துணி சிவந்துவிட்டது, நூலில் மட்டும் அது அவ்வளவாக ஏறவில்லை. நாளாக ஆக எழுத்து நன்றாகத் தெரிகிறது.

நேற்று முனுசாமி ரிக்‌ஷாவை ஓரமாக நிறுத்திவிட்டுப் பீடிக்கு நெருப்புக் கேட்க உள்ளே வந்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவன். என் இடுப்புக்குக் கீழே உற்றுப் பார்த்தான். "இன்னா நைனா, எழுத்து தலைகீழா கீது?" என்றான்.

"உனக்கு அப்படித்தான் இருக்கும்" என்றேன்.