சின்னம்மா கட்டாத புடவை

இலந்தைப்பழ நிறத்தில் ஒரு நூல் புடவை. முனைகளில் மஞ்சள் தடவி, மனைப்பலகையில் மடித்து வைத்து, மேலே ஒரு முழம் கதம்பம். அம்மா இறந்த மறுவருடம் தை மாதத்தில், ஆம்பூரில் எங்கள் வீட்டில் நடந்த பூவாடைக்காரி படையல் அது. தாலியோடு போனவளைத் தெய்வமாக்கி, வருடா வருடம் புதுப்புடவை வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கற்பூரம் அணைந்ததும் அதை வீட்டில் தாலி கட்டியிருப்பவள் எடுத்து உடுத்த வேண்டும். இரண்டாந்தாரமாக வந்தவள் உடுத்தினால், மூத்தவள் இளையவளை ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த அப்பா, சின்னம்மாவைக் கட்டிக்கொண்டு வந்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

அவள் குனிந்து புடவையைத் தொட்டாள். பன்னிரண்டு வயது நான் சொன்னேன்: "அது எங்க அம்மாவுது. நீ கட்டாத."

அப்பாவின் அக்கா, என் அத்தை, பாய்ந்தாள். "இன்னா வாய் பாரு இதுக்கு! தம்மாத்தூண்டு இருந்துக்கினு மாமியா மாதிரி பேசுது."

சின்னம்மா சிரித்தாள். "மாமியா இல்லாத ஊடுன்னு சொல்லித்தான அண்ணி என்ன பொண்ணு கேட்டீங்க? இங்க ஒண்ணு இருக்குதே." பிறகு, "உட்டுடுங்க. அவ சொல்றவரைக்கும் நான் கட்டல" என்று புடவையை என் கையில் வைத்தாள். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் கை, எத்தனை சோப்பு போட்டாலும் சொல்யூஷன் பசை வாடை போகாத விரல்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவள் என்னோடு சண்டையே போட்டதில்லை. அவள் பின்னிவிட்ட சடையைத் தெருமுனையில் அவிழ்த்துப்போட்டேன். மறுநாள் முதல் சீப்பையும் ரிப்பனையும் என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினாள். அவள் ஆக்கிய குழம்பைத் தொடாமல் எழுந்தேன். ஊறுகாயை அருகில் நகர்த்தினாள். மோதிக்கொள்ள ஒரு சுவர் வேண்டும் என்று அலைந்த வயது எனக்கு. அவளோ வழி விட்டுக்கொண்டே இருந்தாள். வழி விட விட என் ஆத்திரம் கூடியது. போகப் போக எங்கேதான் போய்ச் சேர்வது?

அந்த வருடமே அவளுக்கு ஒரு கரு கலைந்தது. அத்தை நேராகவே கேட்டாள். "சின்ன புள்ள சொல்லிச்சின்னு கட்டாம உட்டியே, உனுக்கு எங்க போச்சு புத்தி? மூத்தவ கோச்சுக்கினா." அடுத்த தையிலும் புடவை என் பெட்டிக்குத்தான் வந்தது.

அதற்கடுத்த தையில் அவளுக்கு மறுபடியும் நாலு மாதம். படையலன்று காலை, பின்பக்கம் நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிரே குத்துக்காலிட்டாள்.

"பாப்பா, இந்த ஒரு வருசம் மட்டும் கட்டிக்கட்டுமா? சாயந்தரம் அவுத்து உங்கிட்டயே குடுத்துடுறேன்."

முடியாது என்றுகூட நான் சொல்லவில்லை. குண்டானை இன்னும் பலமாகத் தேய்த்தேன். தேய்த்து முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போனாள். கட்டவில்லை.

மாசியில் அந்தக் குழந்தையும் போயிற்று. ரத்தம் கம்மி என்றார்கள் ஆஸ்பத்திரியில். அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை இல்லை. செத்தவர்களின் கோபத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அவள் நம்பினாள். தன் குழந்தையின் உயிர் அந்தப் புடவையில்தான் இருக்கிறது என்று நம்பியும், ஒரு பன்னிரண்டு வயதுக்காரிக்குக் கொடுத்த சொல்லை அவள் மீறவில்லை. இத்தனை வருடங்களில், எத்தனை ஊர்கள், எத்தனை வீடுகள் மாறினேன். இதை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்கவில்லை.

இந்தத் தையில் வேலூரிலிருந்து நானே புடவை எடுத்துக்கொண்டு போனேன். அப்பா இல்லாத வீட்டில் சின்னம்மா தனியாகப் படையல் போட்டிருந்தாள். கற்பூரம் அணைந்ததும் புடவையை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"நீ கட்டிக்கோ சின்னம்மா."

வாங்கினாள். கம்பெனிப் பழக்கம், ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். "பார்டரு நல்லா இருக்குது. வெயிட்டும் கம்மி." பிறகு, சண்டையே போடத் தெரியாத அதே குரலில், "எப்பிடிம்மா கட்றது? தாலி இருக்கறவதான கட்டணும். அவரு போய் ரெண்டு வருசம் ஆவுது இல்ல?" என்றாள். என் தோளில் புடவையைப் போட்டாள். "உங் கழுத்துல தாலி இருக்குது, நீ கட்டிக்கினு வா. சோறு ஆறுது."

கட்டிக்கொண்டு வந்து நின்றேன். படையல் புடவை உடுத்தியவளை அன்று வீட்டார் விழுந்து கும்பிட வேண்டும். முட்டி வலியோடு அவள் குனிந்தாள். நான் பதறிப்போய்த் தோளைப் பிடித்தேன்.

"இரு. உன்ன இல்ல, உங்க அம்மாவ." என் காலடியில் புடவையின் ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னாள்: "அக்கா, உம் பொண்ணு சொல்லிட்டா. நான் கட்டிக்கினதா நெனச்சிக்க."