முட்டை பூசிய ரொட்டி

உஜிட்சே பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ரதோய்காவை எவ்வளவு நீண்ட வரிசையும் அசைக்காது. டிசம்பர் பத்தொன்பது அன்று மட்டும் அவரால் ஓரிடத்தில் நிற்க முடியாது. அன்று கணவர் குலத்தைக் காக்கும் புனித நிக்கோலாவின் நாள், வீட்டின் ஸ்லாவா என்னும் குலத் திருநாள். நோன்புக்காலம் என்பதால் இறைச்சி, பால், முட்டை கூடாது, மீன் உண்டு. கெண்டை மீன் பொரிந்துகொண்டிருந்தது, பீன்ஸ் அடுப்பில் வெந்தது, அரிசியும் அக்ரூட்டும் வைத்துச் சுருட்டிய கோஸ் இலை கொதித்தது.

ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை, வருகிறவர்கள் வருவார்கள். அதுதான் அவரை அரித்தது. பெற்றோரின் வீட்டை விற்றபோது மூண்ட சண்டைக்குப் பிறகு கொழுந்தன் தோப்ரிசா, இந்த ஆண்டு முதல் ஆற்றுக்கு அப்பாலுள்ள தன் வீட்டிலேயே ஸ்லாவாவின் புனித ரொட்டியைத் தனியாக வெட்டப் போவதாகப் பேச்சு. வெட்டிவிட்டால் ஸ்லாவா இரண்டாகிவிடும். அதே நாளில் தன் விருந்தினரைக் கவனிக்க வேண்டியவர் இங்கே எப்படி வருவார்?

காலை எட்டரைக்கு ரொட்டி அடுப்பிலிருந்து வெளியே வந்தது. ரதோய்கா அலறினார்.

"மிலென்கோ! இங்க வா!"

"அடடா, என்னமா மினுக்குது!" என்றார் கணவர்.

"அதான் கொடுமை. முட்டையைப் பூசிட்டேன். கை பாட்டுக்குப் பூசிடுச்சு."

"யாருக்குத் தெரியப்போவுது?"

"பாதிரியாருக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? அவர் விட்டாலும் புனிதர் விடுவாரா?"

"கடையில வாங்கிட்டு வரட்டா?"

"கடை ரொட்டியா? அதுக்கு என்னை முதல்ல புதைச்சிடு."

பாதிரியார் பதினொன்றுக்கு வருவார். புதிய மாவு அதற்குள் பொங்கி வேகாது. ரதோய்கா போனை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். எதிர்முனையில் தோப்ரிசாவின் மனைவி லியூபின்கா.

"லியூபா, முதல்லயே சொல்லிடறேன். உங்களை நான் கூப்பிடல."

"அப்புறம் எதுக்கு அக்கா போன்?"

"உன் ரொட்டி வேணும். என்னோடதுல முட்டை."

"முட்டையா? நீங்களா?" லியூபின்கா சிரித்தே விட்டார். "சரி, எங்க ரொட்டியைக் குடுத்துட்டு நாங்க எதை வெட்டுறது?"

"அதை யோசிச்சிட்டுத்தான் கேக்குறேன்."

"உங்க கொழுந்தன் பக்கத்துலதான் நிக்கிறாரு. மூஞ்சி பீட்ரூட் மாதிரி ஆவுது."

லியூபின்கா போனை வைத்துவிட்டார்.

அடுத்த இரண்டு மணி நேரத்தில் ரதோய்கா ஜன்னலுக்கு எத்தனை முறை போனார் என்று அவருக்கே தெரியாது. ஒரு துண்டு மீன் கருகியது. பாதிரியார் வந்து காப்பி குடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று பத்துக்கு அழைப்பு மணி அடித்தது.

வாசலில் தோப்ரிசா, கையில் துணி சுற்றிய ரொட்டி, பின்னால் மனைவி.

"ரொட்டி குடுக்கத்தான் வந்தேன், அண்ணி."

"குடு. குடுத்துட்டுக் கிளம்பு."

"இதைத் தனியா விட்டா வேற யாராவது முட்டை பூசிடுவாங்க."

பாதிரியார் ரொட்டியைச் சிலுவையாக வெட்டி அதன்மேல் ஒயின் ஊற்றினார். அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுழற்றினார்கள், உடைத்தார்கள். மிலென்கோ தம்பியின் கன்னத்தில் மூன்று முறை முத்தமிட்டார். தோப்ரிசா தள்ளவில்லை.

லியூபின்கா ஏற்கெனவே சமையலறையில் போனும் கையுமாக, தங்கள் வீட்டுக்கு வர இருந்த விருந்தினர்களிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இல்லண்ணே, எங்க வீடு பூட்டியிருக்கு. நாங்க பெரியவங்க வீட்டுலதான் இருக்கோம். இனிமேயும் இங்கதான்."

ரதோய்கா கரண்டியுடன் நின்றார். "எத்தனை பேருடி வருவாங்க?"

"முப்பது இருக்கும்க்கா."

"முப்பதா! நிக்காத, அந்தப் பெரிய பானையை இறக்கு!"