டெவஸ்டேட்டட்: எங்கே சொல்லலாம், எங்கே கூடாது

பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூருக்கு வேலைக்குப் போன பிறகு, போனில் அவர்கள் பேசுவதில் பாதி எனக்குப் புரியவில்லை. அந்தக் கோபத்தில்தான் வாட்ஸ்அப்பில் நடக்கிற ஓர் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். டீச்சர் எந்த ஊர் என்றுகூடத் தெரியாது. காலையில் ஒரு வார்த்தை அனுப்புவார். மாலைக்குள் அதை வைத்து ஒரு வாக்கியம் பேசி அனுப்ப வேண்டும். தப்பாக இருந்தால் மறுநாளும் அதே வார்த்தைதான்.

‘டெவஸ்டேட்டட்’ என்னிடம் ஒன்பது நாள் தங்கியது.

ரொம்ப ரொம்ப வருத்தம் என்று அர்த்தம் போட்டிருந்தது. வருத்தத்துக்கா நம் வீட்டில் பஞ்சம்? பால் திரிந்துவிட்டது, ஐ ஆம் டெவஸ்டேட்டட் என்று அனுப்பினேன். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு அந்த வார்த்தை கூடாது என்று பதில் வந்தது. பூதலூரில் கண்ணெதிரே பாசஞ்சர் ரயில் போய்விட்டதைச் சொன்னேன். அது வெறும் எரிச்சலாம். மிக்ஸி எரிந்துபோனதைச் சொன்னேன். சிரிக்கிற பொம்மை ஒன்று வந்தது. ஒரு மனுஷனுக்கு எல்லாமே கைவிட்டுப் போகிற நேரத்துக்கு உரிய வார்த்தை அது, சும்மா எடுத்துப் புழங்கக் கூடாது என்று டீச்சர் விளக்கினார். அப்படி எடுக்கவே கூடாத வார்த்தையை நான் எதற்கு மனப்பாடம் செய்ய வேண்டும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் அதையே முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன். என்ன அது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். குடிமுழுகிப் போனால் சொல்கிற வார்த்தை என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடைசியில் டீச்சரே அலுத்துப்போய் அடுத்த வார்த்தைக்குத் தாவினார்.

அந்தக் கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. எங்களுடையது குத்தகை நிலம், ரோட்டோரத்தில் இருக்கிறது. சம்பா நட்டு, தூர் கட்டுகிற நேரம். வடிகால் முழுக்க ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்ததால் தண்ணீர் போக வழியில்லை. ஒரு வாரத்துக்கு மேல் பயிரின் நுனிகூடத் தெரியவில்லை. வடிந்த பிறகு பார்த்தால் எல்லாம் கறுத்துக் கொழகொழவென்று மண்ணோடு படுத்திருந்தது. நாற்றம் ரோடு வரைக்கும் அடித்தது.

சேதக் கணக்கு எடுக்க வி.ஏ.ஓ. வந்தார். பக்கத்து வயல்காரர்கள் ஆளுக்கொரு கைப்பிடி அழுகின பயிரைப் பிடுங்கிக் காட்டினார்கள். எங்கள் வரப்புக்கு வந்து, பயிர் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

“பரவாயில்லைங்க. தண்ணி வடிஞ்சிடுச்சு” என்றார் என் வீட்டுக்காரர்.

வி.ஏ.ஓ. தலையை ஆட்டிவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விட்டார். நான் டீ வாளியோடு வரப்பில் நின்றேன். அந்த வாளியை என் வீட்டுக்காரர் தலையில் கவிழ்க்காமல் வீடு திரும்பியது என் பொறுமை.

இது எங்கள் பக்கத்து வழக்கம். பானையில் அரிசி தீர்ந்துபோனால் இல்லை என்று சொல்ல மாட்டோம், நிறைந்திருக்கிறது என்போம். விளக்கு அணைந்தால் மலையேறிவிட்டது. வயலில் நின்றுகொண்டு பயிர் செத்துவிட்டது என்று, செத்தே போயிருந்தாலும், வாயால் சொல்வதில்லை. எனக்கும் இதெல்லாம் தெரியும். ஆனால் சேதம் எழுத வந்த ஆளிடமுமா அப்படி? அவர் என்ன விருந்துக்கா வந்தார்? அன்று முழுக்க என் வீட்டுக்காரரை வாங்கு வாங்கென்று வாங்கினேன். வயலில் நின்றால் தன் வாயில் அந்தப் பேச்சு வராது என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாள் வி.ஏ.ஓ.வைத் தேடிப் போனோம். பட்டியல் மேலே போய்விட்டது, வியாழக்கிழமை டெல்லியிலிருந்து குழு வருகிறது, உங்கள் வயல் ரோட்டோரம்தானே, அங்கே நின்று அவர்களிடமே சொல்லுங்கள் என்றார். பட்டியலில் ஏறாவிட்டால் குத்தகையை விட்டுவிட்டுத் திருப்பூருக்குக் கம்பெனி வேலைக்குப் போக வேண்டியதுதான். ஐம்பத்திரண்டு வயதில். அதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர்தான்.

வியாழன் காலையில் அவரை உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். வீட்டுக்குள் பிரமாதமாகச் சொன்னார். எல்லாம் அழுகிப் போச்சுங்கய்யா, ஒரு தூரும் தேறாதுங்கய்யா என்று நாலு தடவை தடங்கல் இல்லாமல் ஒப்பித்தார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

டெல்லி அதிகாரி பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வரப்பில் இறங்கினார். பின்னால் வி.ஏ.ஓ. அதிகாரி இங்கிலீஷில் கேட்டதை அவர் தமிழில் கேட்டார்: பயிர் எப்படி இருக்கு? என் வீட்டுக்காரர் வயலைப் பார்த்தார். உதடு இரண்டும் ஒட்டின. அந்தப் பாழாய்ப்போன ‘ப’ கிளம்பப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் முறைத்தேன். அவர் வாயை மூடிக்கொண்டார். அதிகாரி பேனாவோடு காத்திருந்தார். பிறகு என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் சொன்னார்.

“நீ சொல்லு. அந்த இங்கிலீஷ் வார்த்தையச் சொல்லு. நெல்லுக்கு இங்கிலீஷ் தெரியாது.”

அத்தனை நாள் கோபத்தையும் சேர்த்து, கணீரென்று சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். “சார், வி ஆர் டெவஸ்டேட்டட்” என்று சொல்லும்போது பாதியில் குரல் உடைந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால், அத்தனை நாளில் நானும்தான் அதைச் சொல்லவில்லை. வயலுக்குப் போனபோதெல்லாம் ஏன் சொல்லவில்லை என்று அவரைத் திட்டினேனே தவிர, பயிர் போய்விட்டது என்று வயலில் நின்று நானும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது. அவர் மேல் இருந்த கோபமும் அப்படியேதான் இருந்தது.

அதிகாரி குனிந்து, கறுத்துப்போன தூர் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். இங்கிலீஷில் ஏதோ சொல்ல, வி.ஏ.ஓ. எங்கள் சர்வே எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டார். போவதற்கு முன் அதிகாரி என் வீட்டுக்காரருக்கு நேராக வந்து நின்று, “ஸாரி” என்றார்.

அந்த இங்கிலீஷ் அவருக்குத் தெரியும். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.