ஒரு கிலோமீட்டர் பாக்கி

ரெட்டிபாளையத்துல லாரி எடைமேடைக்கு எதுத்தாப்புல டீக்கடை வச்சிருக்கேன். மேடையில எடைச்சீட்டுப் போடுறவ வெற்றிச்செல்வி. கணக்குல பட்டம் வாங்குன பொண்ணு. அப்பன் இல்ல, தங்கச்சி ஆர்த்தியப் படிக்க வைக்கிறதும் இவதான். எண்ணுன்னா இவளுக்குக் கிறுக்கு.

வேப்பந்தட்டை குழந்தைவேல் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுனவன். கண்ணாடியில சிறுவாச்சூர் காளி படம் ஒட்டியிருப்பான். ஒருநா அவன் மீட்டர எட்டிப் பாத்துட்டு இவ, "ஆத்தாடி, வண்டிய எடுக்காதீங்க!"ன்னு கத்துனா. அவன் பதறிட்டான். ஓடுன கிலோமீட்டர் 142857.

சீட்டுக்குப் பின்னால எழுதிக் காட்டுனா. ரெண்டால பெருக்குனா 285714. மூணால பெருக்குனா 428571. ஆறு பேரு ராட்டினத்துல குந்துன மாதிரி, வரிசை மாறாம சுத்துது. ஆறு மடங்கு வரைக்கும் இதே கூத்து. ஏழால பெருக்குனா மட்டும் 999999. "ஏழு வரைக்கும் வண்டி தாங்காதுங்க"ன்னான். எனக்கு ஒரு எழவும் புரியல. ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பு மட்டும் புரிஞ்சுது.

மறுமாசமே கல்யாணப் பேச்ச எடுத்துட்டான். "ஆர்த்தி படிப்பு முடியட்டுங்க. மீட்டரு 285714 ஆகுற அன்னிக்கி வாங்க, சரின்னு சொல்றேன். அதுவரைக்கும் போனு கீனு வேணாம்"னா. வெளையாட்டு வெனையாப் போச்சு. ஓனரு அவன் வண்டிய வடநாட்டு லைனுக்கு மாத்திட்டாரு.

மூணு வருசம். ஆர்த்தி வேலைக்கே போயிட்டா. இவ வர்ற லாரிக்கெல்லாம் மொதல்ல கண்ணாடியத்தான் பாப்பா. பொண்ணு பாக்க வந்தவங்களத் திருப்பி அனுப்பிட்டா. "போனப் போட்டுத் தொலையேண்டி"ன்னா, "நாந்தானேக்கா வேணாம்னேன்"னு கண்ணு கலங்குவா. ஏங்கி ஏங்கி எளச்சுப் போனா. பாக்கப் பாக்க எனக்கு ஆத்திரமா வரும்.

போன ஆவணியில அந்தக் காளி படம் மேடை ஏறிச்சு. கால்ல செருப்புகூட இல்லாம ஓடுனா. உள்ள வேற டிரைவர்.

"குழந்தைவேல் அண்ணன் ஊருக்கே போயிட்டாருங்க. வண்டிய எங்க மொதலாளி வாங்கிட்டாரு."

மீட்டரு 285713-ல நிக்குது.

"அது ஓடாதுங்க. அண்ணந்தான் வயரக் கழட்டிவுட்டாரு. கடைசி கிலோமீட்டர ரெட்டிபாளையத்துலதான் ஓட்டணும்னு வச்சிருந்தாரு. அதுக்குள்ள ஓனரு வித்துட்டாரு. வண்டியே இல்லாம எந்த மொகத்தோட போயி நிக்கிறதுன்னு அழுதாருங்க."

அட கூறுகெட்டவனே! மீட்டருக்கா அவ காத்துக் கெடந்தா?

வெற்றி வயர மாட்டச் சொல்லிட்டு, லாரியில ஏறிக் குந்திக்கிட்டா. சிமெண்ட் ஃபேக்டரி கேட்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தாங்க. எறங்குனவ மொகமெல்லாம் கண்ணீரு.

"மாறிடுச்சுக்கா."

சீட்டுப் புஸ்தகத்த என் கல்லாவுல வச்சா. மொகத்தத் தொடச்சா.

"பெரம்பலூர்ல எறங்குனா, வேப்பந்தட்டைக்கு உடனே பஸ்ஸு இருக்குமாக்கா?"