கறுப்புச் சட்டைக் கூட்டத்தில் தெய்வானை அக்கா

தெய்வானை அக்கா இறந்த செய்திக்கு நான் கேக் படம் அனுப்பினேன். போன வியாழக்கிழமை காலை போனில் அவர் படம் வந்தது, சுற்றிலும் ரோஜாப்பூ. நான் அஞ்சாவதோடு நின்றவள். கீழே எழுதியிருந்ததைப் படிக்கச் சோம்பல்பட்டு, பிறந்தநாள் என்று நினைத்துக் கம்பெனி குரூப்பில் கேக்கைப் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் மகள் கவிதா கூப்பிட்டாள். "சித்தி, அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயேங்க." அந்தக் கேக்கை அழிக்க எனக்குத் தெரியவில்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். வேலம்பாளையத்தில் எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதிக்கு அவர்தான் தலைமை. பதினெட்டு வருஷம் அவருக்கு எதிர் மேசையில் நின்றேன். ஒரு பிசிறு நூல் தெரிந்தாலும் பீஸைத் திருப்பி எறிவார். "சரசு, வாய் ஓடற வேகத்துக்குக் கையும் ஓடுனா நீதான் சூப்பர்வைசர்" என்பார். அப்புறம் உங்களை எங்கே வைக்கிறதுங்க என்று நான் கேட்பேன். பதிலுக்கு இன்னொரு கட்டுத் துணி என் பக்கம் வரும்.

போன வருஷம் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அதன்பின் அக்கா மாறிப்போனார். பீஸை விரித்துப் போட்டுவிட்டு, நெஞ்சில் கைவைத்து அசையாமல் நிற்பார். கேட்டால் ஒன்றுமில்லை என்பார்.

அந்தச் சமயத்தில் ஒரு கறுப்பு டி-ஷர்ட் ஆர்டர் ஓடியது. முன்பக்கம் மண்டையோடு, அதன் கண்ணிலிருந்து புழு. வெளிநாட்டுப் பாட்டுக் குழு ஒன்று பெங்களூரில் பாடப் போகிறதாம், அங்கே விற்பதற்கு. நான் தினமும் வீட்டுக்குப் போய் உப்புச் சுற்றிப் போட்டேன். அக்காவோ கிருத்திகை விரதத்தோடு அத்தனை மண்டையோட்டையும் பார்த்து முடித்தார். பிறகு, மகளைப் பார்க்கப் பெங்களூர் போனபோது என்னையும் கூட்டிப்போய், அந்தக் கச்சேரிக்குப் போயே தீருவேன் என்று நின்றார். நம்ம துணியை யார் போடறாங்கன்னு ஒருக்கா பார்க்கோணும் என்றார். கவிதா சீட்டு வாங்கித் தந்து, மைதான வாசலில் இறக்கிவிட்டு என் கையைப் பிடித்தாள். "அம்மாவை முழுசாக் கூட்டிட்டு வந்துருங்க சித்தி."

வெயில் இன்னும் தாழவில்லை. மைதானம் முழுக்கக் கறுப்புச் சட்டை. மேடையில் ஒருவர் வாயைத் திறந்தார். போர்வெல் வண்டி பாறையில் இறங்குகிற சத்தம். மைக் ரிப்பேர் என்றுதான் முதலில் நினைத்தேன். மேளம் என் விலா எலும்புக்குள்ளேயே அடித்தது. என் நெஞ்சே இப்படி உதறினால் அக்காவின் நெஞ்சு என்னாகும்? போலாமுங்க்கா என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கூட்டம் நடுவில் வட்டமாக விலகியது. ஆட்கள் ஓடிவந்து ஒருவர்மேல் ஒருவர் மோதத் தொடங்கினார்கள்.

திரும்பினேன். பக்கத்தில் அக்கா இல்லை.

வட்டத்துக்குள் அவருடைய அரக்குச் சேலை தெரிந்து மறைந்தது. கவிதாவிடம் என்ன சொல்வேன் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. முண்டியடித்து உள்ளே போனால், மோதிக்கொண்டிருந்தவர்கள் கைகோத்து வேலிபோல் நின்றிருந்தார்கள். நடுவில் அக்கா, ஒரு பெரிய தாடிக்காரரின் தோளைப் பிடித்து எக்கி நின்றார். அவர் போட்டிருந்த எங்கள் மண்டையோட்டுச் சட்டையில் தோள்பட்டைத் தையல் விட்டு நூல் தொங்கியிருக்கிறது. தூரத்திலிருந்தே அக்கா கண்ணில் பட்டுவிட்டது. நூலை முடிந்து பல்லால் கடித்துத் துப்பினார். ஆசீர்வாதம் என்று எண்ணியோ என்னவோ, தாடிக்காரர் கும்பிட்டார். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் குனிந்தார்கள். அக்கா அவர்கள் தோள்பட்டையையும் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

ஓரத்துக்கு இழுத்துவந்து, சத்தம் ஓய்ந்த இடைவெளியில் திட்டித் தீர்த்தேன். அக்காவின் முகம் வெளுத்திருந்தது.

"ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்ல இருந்து, இந்த நெஞ்சு அடிக்குதா நின்னுபோச்சான்னு காதைக் குடுத்துட்டே கிடக்கறேன் சரசு. கண்ணை மூடவே பயம். ஊட்டுல யாருகிட்டயும் சொல்லலை. இன்னிக்கு இந்தச் சத்தத்துல அது காதுல உழுகலை கண்ணு. இன்னொரு பாட்டு இருந்துட்டுப் போலாமா?"

இருந்தோம். அக்கா நெஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டார். அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். பாட்டு முடியும்வரை அவர் மணிக்கட்டில் விரலை வைத்து, துடிப்பை நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் குளிர்பெட்டிக்குள் அக்காவைப் பார்த்தேன். கண் நன்றாக மூடியிருந்தது. இனிக் காதைக் குடுக்க வேண்டாமுங்க்கா, நிம்மதியாப் போயிட்டு வாங்க என்று சொல்லி மாலையை வைத்தேன். திரும்பும்போது என் கால் பட்டுப் பெட்டியின் ஒயர் பிடுங்கிக்கொண்டது. ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் நின்றது. அழுதுகொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கவிதா வந்து, என்னைக் கொஞ்சம் நகரச் சொல்லி, திரும்பச் சொருகினாள்.