நடுப்படம் மட்டும் பார்த்தவன்

சினிமா தியேட்டரில் பைக் ஸ்டாண்டு பார்க்கிறவனுக்கு எந்தப் படத்துக்கும் தொடக்கமும் கிடையாது, முடிவும் கிடையாது. படம் போட்டு அரைமணி நேரம் வரைக்கும் வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். படம் விடுவதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே கேட்டுக்கு வந்து நின்றுவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கதவோரமாக நின்று பார்ப்பதுதான் என் சினிமா. கோவில்பட்டியில் பதினாலு வருஷமாக இப்படித்தான். தங்கச்சி கல்யாணத்தில் பந்தி பரிமாறப் போய்த் தாலி கட்டுவதைத் தவறவிட்டவர்கள், பிள்ளை மேடையேறிப் பரிசு வாங்கும்போது கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் என் கட்சிதான். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

யாருக்கு அழுதேன்?

ஒரு மேட்னி ஷோ. வண்டிகளையெல்லாம் வரிசை கட்டிவிட்டு உள்ளே போனால், திரையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து சோற்றைப் பிசைகிறாள். வாயில் வைக்கப் போனவள் வைக்காமல் அழுகிறாள். எனக்கு இளகின மனசு. நானும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று பக்கத்தில் நின்ற முருகேசனிடம் சொன்னேன். டிக்கெட் கிழிப்பவன் அவன். முதலிலிருந்து பார்க்கக் கொடுத்துவைத்தவன். என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"அவதான்வே கொலைகாரி. மொத சீன்லயே புருசனுக்கு வெசம் வச்சுட்டா. நீரு எதுக்கு அழுதீரு?"

தொய்வு

விமர்சனம் செய்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர்களும் ஒரு வேலையைத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்லும் ஒரு வார்த்தை மட்டும் என்னைச் சுடும். முதல் அரைமணி நேரம் விறுவிறுப்பு, கடைசிப் பத்து நிமிஷம் மிரட்டல், நடுவில்தான் தொய்வு என்பார்கள். அட, என் பங்குக்கு வந்ததே அந்தத் தொய்வுதானே! அதையும் ஒன்றுமில்லை என்று தள்ளிவிட்டால் நான் எங்கே போவேன்?

எனக்கு அந்தத் தொய்வுதான் பிடிக்கும். அங்கேதான் படத்து ஆட்கள் நம்மைப் போல இருப்பார்கள். சாப்பிடுவார்கள், பஸ்ஸுக்கு நிற்பார்கள், பேச ஒன்றுமில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு படத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுப் பேசாமல் இருப்பார்கள். திடீரென்று மழை வரும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மொட்டைமாடிக்கு ஓடிக் காயப்போட்ட துணியை எடுப்பார்கள். அவ்வளவுதான் காட்சி. நான் அதை மூன்று நாள் தொடர்ந்து பார்த்தேன். படம் விட்டதும் ஒரு கல்லூரிப் பையன் டோக்கனை நீட்டியபடி, நடுவில் ரொம்ப இழுவை என்றான். ஏன் தம்பி, அந்தத் துணி எடுக்கிற இடம் நன்றாக இல்லையா என்று கேட்டேன்.

"அந்த நேரத்துலதான் அண்ணாச்சி நான் செல்லுல இந்தப் படத்தோட ரிவ்யூ பாத்துக்கிட்டு இருந்தேன்."

இடைசெவல்காரர் சொன்ன விமர்சனம்

ஓர் ஐப்பசியில் மழை ஏமாற்றிக்கொண்டே இருந்தது. காலையில் வானம் கருக்கும், மத்தியானம் வெளுத்துவிடும். பருத்தி ஊன்றியவர்களுக்கெல்லாம் அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்துப்போனது. அப்படியொரு நாளில் இடைசெவல் கிராமத்தில் இருந்து ஒரு விவசாயி தன் சம்சாரத்தைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மொபெட்டில் படத்துக்கு வந்தார். படம் விட்டு வெளியே வரும்போது, கையில் மைக் வைத்திருந்த ஒருவன் அவரை மடக்கிப் படம் எப்படி என்று கேட்டான். "ஏ அப்பா, ரெண்டரை மணி நேரம் மழை வருமா வராதான்னு நெனைக்கவே இல்லய்யா" என்றார். மைக் பிடித்தவன் பொறுமையாக, படத்தைப் பற்றிச் சொல்லுங்கள் ஐயா என்றான். அவர் சம்சாரத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அதத்தானப்பா சொல்லுதேன்."

வீட்டில் ஒரு விமர்சகர்

நான் நம்பின ஒரே விமர்சகர் என் வீட்டுக்காரி பொன்னுத்தாய்தான். தீப்பெட்டி ஆபீஸில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால், தன்னோடு வேலை பார்க்கிற பெண்களைக் கூட்டிக்கொண்டு மேட்னிக்கு வந்துவிடுவாள். சாயங்காலம் உள்ளி உரித்துக்கொண்டே எனக்குத் தொடக்கத்தைச் சொல்லுவாள், பிறகு முடிவைச் சொல்லுவாள். நல்ல படம், மோசமான படம் என்று ஒரு வார்த்தை வராது. வில்லன் எப்படி முறைத்தான் என்று முறைத்துக் காட்டுவாள். கதாநாயகி அழுத இடத்தில் அவள் குரலும் கம்மும். பிறகு, "நடுவ நீங்க சொல்லுங்க" என்பாள். நீதான் முழுசாகப் பார்த்தாயே என்றால், "நீங்க எப்படிப் பாத்தீங்கன்னு எனக்குத் தெரியாண்டாமா?" என்று கேட்பாள். இப்படி இரண்டு பேரும் சேர்ந்துதான் ஒரு படத்தைப் பார்த்து முடிப்போம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தது ஒன்றுகூடக் கிடையாது.

மகளின் பிரசவத்துக்காகப் பொன்னுத்தாய் திருப்பூர் போனாள். மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்றாள். மகளும் மருமகனும் பனியன் கம்பெனிக்குப் போனால் பேரனைப் பார்க்க ஆள் இல்லை. இப்போது பதினோரு மாதம் ஆகிவிட்டது. வீட்டுக்குப் போனால் பேச்சுக்குரல் இல்லை. அவள் இல்லாமல் எனக்கு ஒரு படமும் பிடிக்கவில்லை என்று முருகேசனிடம் சொன்னேன்.

"செல்லத் தொறந்தா நூறு பேரு கதை சொல்லுதான். அதுக்குப் போயி பொண்டாட்டியத் தேடுதீரே!"

முடிவு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னுத்தாய் போன் செய்தாள். அங்கே மகளோடு சினிமாவுக்குப் போயிருக்கிறாள். இங்கே எங்கள் தியேட்டரில் ஓடிய அதே படம். அரைமணி நேரத்தில் பேரன் வீறிட்டு அழ, அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவள் கடைசிவரை வராண்டாவிலேயே நின்றிருக்கிறாள். தொடக்கம் மட்டும் கிடைத்தது, முடிவு போய்விட்டது என்றாள். நான் விசாரித்துச் சொல்லுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

முருகேசனும் கடைசியில் கதவு திறக்கப் போய்விடுகிறவன்தான். மறுநாள் வண்டி எடுக்க வந்தவர்களிடமெல்லாம் முடிவு என்ன என்று கேட்டேன். ஒருவர் "வேற லெவல்" என்றார். ஒருவர் "சுமார்தான் அண்ணாச்சி" என்றார். இன்னொருவர் அஞ்சுக்கு மூணு கொடுக்கலாம் என்றார். அவள் பிழைத்தாளா, அவன் வந்து சேர்ந்தானா என்று ஒரு மனுஷன் சொல்லவில்லை. எல்லாரும் விமர்சகர்களாகிவிட்டால் கதையை யார்தான் சொல்லுவது?

செவ்வாய்க்கிழமை வண்டிகள் வந்து முடிந்ததும் ஸ்டாண்டை முருகேசன் தலையில் கட்டிவிட்டு உள்ளே போய் நின்றேன். கடைசிவரை பார்த்தேன். என்ன நடந்தது என்று உங்களுக்கும் சொல்ல மாட்டேன். கண் நிறைய வெளியே வந்தால், முருகேசனைச் சுற்றி ஒரே கூட்டம். இரண்டு வண்டிகள் சாய்ந்து கிடக்கின்றன. இன்னொரு தடவை இப்படிச் செய்தால் வேலைக்கே வர வேண்டாம் என்று மேனேஜர் கத்தினார். தலையை ஆட்டிக்கொண்டேன். சாயங்காலம் பொன்னுத்தாய்க்குப் போனைப் போட்டு, முடிவைப் பார்த்துவிட்டேன், சொல்லட்டுமா என்று கேட்டேன். அவள் அவசரமாகத் தடுத்தாள்.

"சொல்லாதீங்க. நானும் மொத உள்ளதச் சொல்ல மாட்டேன். செல்லுல வந்தாலும் பாக்காதீங்க. பேரன் நடக்க ஆரம்பிச்சிட்டாம்னா நான் வந்துருதேன். நீங்க ஒருநா லீவு போடுங்க, மொதல்லருந்து ரெண்டு பேருமா உக்காந்து பாப்போம்."

வியாழக்கிழமையோடு அந்தப் படத்தைத் தூக்கிவிட்டார்கள்; தொடக்கம் திருப்பூரிலும் முடிவு கோவில்பட்டியிலுமாகக் கிடக்க, பேரன் இப்போதுதான் சுவரைப் பிடித்து நிற்கிறானாம்.