ராக்கோழி வளர்த்த தேவாங்கு

எங்கள் வனவிலங்கு மீட்பு மையத்தில் அவளை எல்லோரும் ராக்கோழி என்றுதான் கூப்பிடுவோம். இரவில் விழித்திருக்கும் பிராணிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. கணவன் காலையில் கிளம்பும்போதுதான் இவள் வீட்டுக்கு வருவாள். "நாங்க குடும்பம் நடத்துறதே மாடிப்படியிலதான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். நான் அங்கே ஜீப் ஓட்டுகிறவன்.

மலைக்காட்டில் மரம் வெட்டியபோது விழுந்த தேவாங்குக் குட்டி ஒன்றை அவளிடம் ஒப்படைத்தார்கள். கையளவு உடம்பு, முகம் முழுக்கக் கண். குரங்குக்குத் தூரத்துச் சொந்தமாம். அப்படியொன்று அந்த மலையில் இருப்பதே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. திரும்பக் காட்டில் விடவேண்டிய குட்டி, மனிதரோடு ஒட்டவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

வாயாடியான ராக்கோழி கூண்டருகே மூச்சுவிடவில்லை. குட்டிக்குப் பெயர்கூட வைக்கவில்லை. வெள்ளை வெளிச்சம் கண்ணை உறுத்துமே என்று டார்ச்சில் சிவப்புத் தாளை ஒட்டி, அந்த வெளிச்சத்தில் இடுக்கியால் வெட்டுக்கிளியை நீட்டுவாள். குட்டி சிலநேரம் ஒரு கையை, சிலநேரம் இரண்டையும் நீட்டி வாங்கிக்கொள்ளும். "பெத்த புள்ளைக்குக்கூட இவ்வளவு பார்க்கல தம்பி" என்றாள் ஒருநாள்.

வளர்ந்ததும் இருக்குமிடம் காட்டும் சிக்னல் பட்டையைக் கழுத்தில் மாட்டிக் காட்டில் விட்டோம். திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளையேறிப் போயிற்று. சந்தோஷத்தில் அவளுக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் சிக்னல் மலையடிவாரத்துக்கு இறங்கிவிட்டது. ஜீப்பில் நானும் அவளும் போய்ச் சேர்வதற்குள் வனக்காவலர்கள் ஒரு வேட்டைக்காரனைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். சாக்குப்பையில் தேவாங்கு செத்துக் கிடந்தது.

ராக்கோழி அவன் சட்டையைப் பிடித்தாள். "பாவி, எப்படிடா புடிச்ச?"

"நான் எங்கேம்மா புடிச்சேன்? மிருகம் மிரளக்கூடாதுன்னு சிவப்பு டார்ச்சு அடிப்போம். மத்த தேவாங்கெல்லாம் இலைக்குள்ள பதுங்கிரும். இது அதுவா இறங்கி வந்து ரெண்டு கையையும் நீட்டிச்சு."

அவள் பிடி தளர்ந்தது.

திரும்பும் வழியில் ஜீப்பை ஓட்டிக்கொண்டே யோசித்தேன். யாரைத் திட்டுவது? டாக்டர் சொன்னதில் தப்பில்லை. இவளும் ஒன்றைக்கூட மீறவில்லை. "நீங்க வேணும்னேவா செஞ்சீங்க அக்கா?" என்றேன்.



"ஒரு கையை நீட்டுனா சும்மா விளையாட்டு, தம்பி" என்றாள். "ரெண்டையும் நீட்டுனா தாங்க முடியாத பசி."